டிபிஎஸ் அறுவை செய்துகொள்வதா, மருந்தையே இன்னும் சரிப்படுத்திப் பார்ப்பதா?

யீஷூன்வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 59. பார்க்கின்சன் நோய் என்று உறுதியாகிப் பத்தாண்டுகள் ஆகின்றன. சிங்கப்பூரில் ஒரு நிறுவனத்தில் கணக்கெழுதும் வேலையில் இருந்தேன். எண்களைத் தட்டும் வலக்கை பின்தங்கத் தொடங்கியதும் முதலில் பகுதிநேர வேலைக்கு மாறினேன், பிறகு வேலையையே விட்டுவிட்டேன். இப்போது நாளைக்கு ஐந்து வேளை மாடோபார் என்னும் லெவோடோபா மாத்திரை, அதனுடன் அதன் வேகத்தை நீட்டிக்கும் எண்டகபோன், தோலில் ஒட்டிக்கொள்ளும் மருந்துப் பட்டை ஒன்று என்று போய்க்கொண்டிருக்கிறது.

தொடக்க ஆண்டுகளில் ஒரு வேளை மாத்திரை தாமதமானாலும் உடலுக்குத் தெரியாது. இப்போது என் நாள் முழுவதும் கடிகாரத்தைப் பார்த்தே நகர்கிறது. மாத்திரையை விழுங்கி முக்கால் மணி நேரம் போன பிறகுதான் உடல் இளகும். அதற்கப்புறம் இரண்டு, இரண்டரை மணி நேரம் நான் எல்லாரையும் போல இருப்பேன். பிறகு வலப்பக்கம் இறுகி, பாதம் உள்நோக்கி முறுக்கிக்கொள்ளும். வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருக்கும்போதே மருந்தின் வேகம் இறங்கிவிட்டால், கத்தியைப் பிடித்திருக்கும் விரல்களை இடக்கையால் ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்க வேண்டியிருக்கிறது. மருந்து உச்சத்தில் இருக்கும் நேரத்திலோ இதற்கு நேர்மாறாகத் தோளும் கழுத்தும் தாமாகவே ஆடுகின்றன. அதனால் எனக்கு வலி இல்லை. ஆனால் திருமண மண்டபத்தில் பக்கத்து நாற்காலியில் இருப்பவர்கள் எழுந்து வேறிடம் போய் உட்காரும்போது மனம் வலிக்கிறது.

கடந்த முறை பார்த்தபோது, மூளைக்குள் மின்முனைகளைப் பொருத்தி மின்சாரத்தால் தூண்டும் டிபிஎஸ் என்னும் ஆழ்மூளைத் தூண்டல் அறுவையைப் பற்றி யோசிக்கும் கட்டம் வந்துவிட்டது என்று நரம்பியல் மருத்துவர் கூறினார். செய்தே ஆகவேண்டும் என்று அவர் சொல்லவில்லை. மருந்தை இன்னும் மாற்றியமைத்துப் பார்க்கவும் இடமிருக்கிறது என்றார். என் மகள் உடனே செய்துவிடலாம் என்கிறாள். என் கணவர், மண்டையில் துளை போடுவதை நினைத்தாலே உறக்கம் வரவில்லை என்கிறார். தஞ்சாவூரில் இருக்கும் என் அண்ணன், பூனைக்காலி விதைச் சூரணம் சாப்பிட்டால் அறுவையும் வேண்டாம், மாத்திரையும் வேண்டாம் என்று தினமும் தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருக்கிறார். மூவரும் என்மீதுள்ள அன்பினால்தான் பேசுகிறார்கள். ஆனால் மூவர் பேச்சையும் கேட்டு முடிக்கும்போது எனக்கு என்ன வேண்டும் என்பதே எனக்குத் தெளிவில்லாமல் போகிறது.

இதே இடத்தில் நின்றவர்கள் இருந்தால், எதை வைத்து முடிவெடுத்தீர்கள் என்று சொல்லுங்கள். எனக்கு அது பலனளிக்குமா என்பதை முன்கூட்டியே அறிய வழி உண்டா? எது சரியாகும் என்பதைவிட எது சரியாகாது என்பதைத்தான் நான் அதிகம் தெரிந்துகொள்ள விரும்புகிறேன். செலவைப் பற்றியும் யாராவது விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.


செம்பவாங் ஓய்வாளர் எழுதியது:

வணக்கம் சகோதரி. கப்பல் பட்டறையில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். டிபிஎஸ் செய்துகொண்டு சில ஆண்டுகள் ஆகின்றன. உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அதைச் சரியாகக் கேட்டவர்கள்தாம் அறுவைக்குப் பிறகு ஏமாற்றம் அடையாமல் இருக்கிறார்கள்.

எனக்கு மருத்துவர் சொன்ன விதி ஒன்றுதான்: மாத்திரை நன்றாக வேலை செய்யும் நேரத்தில் உங்கள் உடலில் எதெல்லாம் சரியாகிறதோ, அதையெல்லாம் இந்தக் கருவியும் சரிசெய்யும், உச்ச நேரத்திலும் எது சரியாகவில்லையோ, அதைக் கருவியாலும் பெரும்பாலும் சரிசெய்ய முடியாது. இதற்கு விதிவிலக்கு நடுக்கம். மருந்துக்கு அடங்காத நடுக்கம் தூண்டலுக்கு அடங்குவதுண்டு. மற்றபடி, மருந்து வேலை செய்யும் நேரத்திலும் தள்ளாட்டம் இருக்கிறது, பேச்சு குழறுகிறது, விழுங்குவது சிரமமாக இருக்கிறது, நினைவு தடுமாறுகிறது என்றால், அவற்றுக்காக இந்த அறுவையை நாடக்கூடாது. நோய் முற்றுவதையும் இது நிறுத்தாது. உங்களுக்கு நல்ல நேரத்தில் இருக்கும் உடல்நிலையை நாளின் பெரும்பகுதிக்கு நீட்டித்துத் தருகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

முன்கூட்டியே அறிய வழி உண்டு. முந்தைய இரவிலிருந்து மருந்தை நிறுத்திவிட்டுக் காலையில் வரச் சொல்வார்கள். அந்த நிலையில் விரல் தட்டுவது, கையை விரித்து மூடுவது, நாற்காலியிலிருந்து எழுவது, நடந்து திரும்புவது என்று ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போடுவார்கள். பிறகு லெவோடோபா கொடுத்து, அது ஏறியதும் அதே சோதனைகளை மீண்டும் செய்வார்கள். மதிப்பெண்ணில் ஏறத்தாழ 30 விழுக்காடாவது முன்னேற்றம் இருந்தால்தான் அறுவை பயன் தரும் என்று பொதுவாகக் கருதுகிறார்கள். இதனுடன் எம்ஆர்ஐ, நினைவாற்றல் சோதனை, மனநல மதிப்பீடு ஆகியவையும் உண்டு. இவற்றைச் செய்துகொள்வதனால் நீங்கள் அறுவைக்கு ஒப்புக்கொண்டதாக ஆகிவிடாது. மகளும் கணவரும் இரு பக்கமும் இழுத்துக்கொண்டிருக்கும்போது, முதலில் இந்தச் சோதனைகளுக்கு மட்டும் சம்மதியுங்கள் என்பதே என் கருத்து.

அறுவையைப் பற்றியும் சொல்கிறேன், உங்கள் கணவர் படிக்கட்டும். பிரான்சின் கிரெனோபிள் நகரில் பெனாபிட் என்ற அறுவை மருத்துவர் 1987இல் தொடங்கிவைத்த முறை இது. அமெரிக்காவில் பார்க்கின்சன் நோய்க்கு 2002இல் முழு அனுமதி பெற்றது. தலையை ஒரு சட்டகத்தில் அசையாமல் பொருத்தி, இருபுறமும் சிறு துளையிட்டு, மெல்லிய கம்பி போன்ற மின்முனைகளைச் சப்தலாமிக் உட்கரு என்னும் சிறிய இடத்துக்கு இறக்குகிறார்கள். மூளைக்கு வலி தெரியாது. என்னைப் பாதி நேரம் விழிப்பில் வைத்திருந்தார்கள்; இப்போது முழு மயக்கத்திலேயே செய்யும் முறையும் இருக்கிறது. விழித்திருந்தபோது கையை விரித்து மூடச் சொன்னார்கள், கிழமைகளின் பெயர்களைத் தமிழில் வரிசையாகச் சொல்லச் சொன்னார்கள். சொல் குழறுகிறதா என்று கேட்டுச் சொல்வதற்காகத் தமிழ் தெரிந்த தாதி ஒருவர் என் காலடியில் நின்றிருந்தார். மின்சாரத்தைச் சற்றே கூட்டியதும், ஆண்டுக்கணக்கில் இறுகிக் கிடந்த மணிக்கட்டு தளர்ந்ததை நானே உணர்ந்தேன். பிறகு காறை எலும்புக்குக் கீழே, தோலுக்கடியில் மின்கலத்தை வைத்துத் தைத்தார்கள்.

ஆபத்து இல்லை என்று நான் சொல்லமாட்டேன். மூளையில் இரத்தக் கசிவு ஏற்படக்கூடும். அது நூற்றில் ஓரிருவருக்கு நேர்வதாக எனக்கு விளக்கினார்கள். கிருமித்தொற்று அதைவிடச் சற்று அதிகம். நீரிழிவு இருந்தால் சர்க்கரையை முதலில் கட்டுக்குள் கொண்டுவரச் சொல்வார்கள். கருவியை இயக்கியவுடன் எல்லாம் முடிந்துவிடுவதும் இல்லை. சில மாதங்களுக்கு அடிக்கடி சென்று மின்னளவைச் சரிசெய்துகொள்ள வேண்டும். அந்தக் காலத்தில் பொறுமை வேண்டும், வீட்டாருக்கும் வேண்டும். என் மாத்திரை ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது, உடல் ஆடுவது பெரும்பாலும் நின்றது. பேச்சு மட்டும் முன்னைவிடத் தணிந்துவிட்டது. தொலைபேசியில் நான் பேசுவது மறுமுனையில் இருப்பவர்களுக்குச் சரியாகக் கேட்பதில்லை. அதற்காகக் குரல் பயிற்சி எடுத்துவருகிறேன்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்வேன்: மிகவும் தள்ளிப்போடாதீர்கள். 2013இல் ஜெர்மனியிலும் பிரான்சிலும் 251 பேரிடம் நடத்திய ஆய்வில், அறுபது வயதுக்கு உட்பட்டு, மருந்தின் ஏற்ற இறக்கம் அண்மையில்தான் தொடங்கியிருந்தவர்களில் மருந்துடன் அறுவையும் செய்துகொண்டவர்களின் அன்றாட வாழ்க்கைத் தரம் தெளிவாக மேம்பட்டது. மருந்தை மட்டும் தொடர்ந்தவர்களிடம் அந்த மேம்பாடு காணப்படவில்லை. நினைவும் சமநிலையும் நன்றாக இருக்கும்போதே யோசிக்க வேண்டிய காரியம் இது.


சுவா சூ காங் மகள் எழுதியது:

வணக்கம் அம்மா. ஐயா எழுதியதில் பெரும்பாலானவற்றை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எங்கள் வீட்டில் கதை வேறு மாதிரி முடிந்தது, அதனால் அந்தப் பக்கத்தையும் நீங்கள் கேட்க வேண்டும் என்று எழுதுகிறேன். என் அப்பாவுக்கு எழுபது தாண்டிய பிறகுதான் இந்தப் பேச்சே வந்தது. சோதனைகள் எல்லாம் செய்தோம். மாத்திரைக்கு உடல் நன்றாகவே இணங்கியது. நினைவாற்றல் சோதனையில்தான் குறை தெரிந்தது. திட்டமிடுவது, கவனத்தை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றுவது ஆகியவற்றில் அப்பா பின்தங்கியிருந்தார். அறுவைக்குப் பிறகு அது மேலும் மோசமாகலாம் என்பதால் வேண்டாம் என்று மருத்துவக் குழுவே சொல்லிவிட்டது. அன்று அம்மா அழுதார். நான் நிம்மதியடைந்தேன். ஏனெனில் அதுவரை "செய்யலாமா, வேண்டாமா" என்ற கேள்வியில் வீடே சிக்கிக் கிடந்தது. அந்தக் கேள்வி தீர்ந்த பிறகுதான் மற்ற வேலைகளில் எங்களுக்குக் கவனம் போயிற்று.

நினைவாற்றல் சோதனை பற்றி ஒரு விஷயம். அப்பாவுக்கு ஆங்கிலம் பேச வரும், ஆனால் யோசிப்பது தமிழில்தான். சொற்களை நினைவில் வைத்துத் திரும்பச் சொல்லும் பகுதியை ஆங்கிலத்தில் செய்திருந்தால் மதிப்பெண் இன்னும் இறங்கியிருக்கும். சந்திப்புக்கு நேரம் குறிக்கும்போதே தமிழில் நடத்த இயலுமா, மொழிபெயர்ப்பாளர் வருவாரா என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பலர் கூச்சப்பட்டுக் கேட்பதில்லை.

அறுவை இல்லை என்றான பிறகு செய்தவற்றில், மருந்தின் அளவைப் பிரித்து இடைவெளியைக் குறைத்ததும், இரவுக்கு மெதுவாகக் கரையும் மாத்திரையைச் சேர்த்ததும் அப்பாவுக்கு உதவின. தோலுக்கடியில் பம்பு மூலம் நாள் முழுவதும் லெவோடோபா செலுத்தும் முறைக்கு அமெரிக்காவில் 2024இல் அனுமதி கிடைத்திருக்கிறது. வயிற்றில் சிறு குழாய் வைத்து நேரே குடலுக்குக் கூழ் வடிவில் மருந்தைச் செலுத்தும் முறை அதற்கு முன்பிருந்தே உள்ளது. அறுவை வேண்டாம் என்றால் மாத்திரை மட்டுமே வழி என்று எண்ணிவிடாதீர்கள். உங்களுக்கு இவற்றில் எது பொருந்தும், எது இங்கே கிடைக்கும் என்று மருத்துவரிடம் பெயர் சொல்லியே கேளுங்கள். குவிக்கப்பட்ட ஒலியலையால் மூளையில் ஒரு புள்ளியைச் சுடும் சிகிச்சையைப் பற்றியும் சிலர் உங்களிடம் சொல்வார்கள். துளையிடத் தேவையில்லை என்பது உண்மைதான். ஆனால் சுட்டதைத் திரும்பப் பெற முடியாது, பெரும்பாலும் ஒரு பக்கத்துக்குத்தான் செய்கிறார்கள். டிபிஎஸ் கருவியை அணைக்கலாம், அளவைக் குறைக்கலாம். அந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டிலும் கொஞ்சம் மாற்றினோம். முதியோர் செயலாற்றலை மேம்படுத்தும் திட்டத்தின்கீழ் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) எங்கள் குளியலறையில் கைப்பிடிகளைப் பொருத்தி, தரையையும் வழுக்காததாக்கித் தந்தது. மின்தூக்கிக் கதவு திறந்தவுடன் அப்பாவின் கால்கள் தரையோடு ஒட்டிக்கொள்ளும். கதவு மூடப் போகிறதே என்ற பதற்றத்தில் இன்னும் இறுகும். மின்தூக்கியின் விளிம்பில் இருக்கும் உலோகக் கோட்டைப் பார்த்து, அதைத் தாண்டுவதாக நினைத்துக் காலைத் தூக்கச் சொல்லி இயன்முறை மருத்துவர் பழக்கினார். அது வியக்கத்தக்க முறையில் வேலை செய்தது. சாலையைக் கடக்கும்போது விளக்குக் கம்பத்தில் மூத்தோர் அட்டையைத் தட்டினால் பச்சை மனிதன் விளக்கு கூடுதல் நேரம் எரியும், அதையும் விடாமல் பயன்படுத்துகிறோம். பீஷானில் இருக்கும் சிங்கப்பூர் பார்க்கின்சன் சங்கத்தின் உடற்பயிற்சி வகுப்புகளுக்கு அப்பா போகத் தொடங்கிய பிறகுதான், இந்த நோய் உள்ள மற்றவர்களைப் பார்த்து அவருக்குத் துணிவு வந்தது. அங்கே பராமரிப்பாளர்களுக்கும் ஆதரவு உண்டு. உங்கள் கணவரை ஒருமுறை அழைத்துச் செல்லுங்கள்.

எந்த வழியில் போனாலும், பின்னாளில் நம்மால் முடிவெடுக்க இயலாமல் போனால் நமக்காக யார் முடிவெடுப்பது என்று குறிக்கும் நிரந்தர அதிகாரப் பத்திரத்தை இப்போதே எழுதிவிடுங்கள். மனத்தெளிவு முழுமையாக இருக்கும்போதுதான் அதைச் செய்ய முடியும்.

ஐயா, ஒரே ஒரு இடத்தில் உங்களிடமிருந்து வேறுபடுகிறேன். தள்ளிப்போடாதீர்கள் என்று நீங்கள் சொல்வதன் காரணம் புரிகிறது. ஆனால் 59 வயதில், நினைவு தெளிவாக இருக்கும் ஒருவருக்குச் சில மாதங்கள் நிதானமாக யோசிக்க நேரம் உண்டு. அவசரப்படுத்தும் குரல் இந்த அம்மாவின் வீட்டில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது.


தெம்பனிஸ் மருந்தாளர் எழுதியது:

வணக்கம் அம்மா. மருந்தகத்தில் பணிபுரிபவன் என்ற முறையில் மருந்து தொடர்பானவற்றை மட்டும் எழுதுகிறேன். உங்கள் மருத்துவரின் சொல்லுக்கு மாற்றாக இதை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

முதலில் பூனைக்காலி. உங்கள் அண்ணன் சொல்வதில் அடிப்படை இல்லாமல் இல்லை. அந்த விதையில் இயற்கையாகவே லெவோடோபா இருக்கிறது. அதாவது நீங்கள் விழுங்கும் மாடோபாரில் உள்ள அதே பொருள். பிரச்சினை அங்கேதான் தொடங்குகிறது. விதைக்கு விதை, சூரணத்துக்குச் சூரணம் அதன் அளவு மாறும். ஒரு தேக்கரண்டியில் எவ்வளவு உள்ளே போகிறது என்று உங்களாலும் சொல்ல முடியாது, மருத்துவராலும் சொல்ல முடியாது. மாடோபாரில் லெவோடோபாவுடன் பென்செராசைடு என்ற துணைப்பொருளும் சேர்ந்திருக்கிறது. மருந்து மூளையை அடையும் முன்பே உடலில் வீணாகாமல் தடுப்பது அதன் வேலை. விதையில் அதற்கு ஈடான அளவான பொருள் இல்லாததால் தனியே எடுத்தால் நிறைய எடுக்க வேண்டிவரும், குமட்டலும் வரும். மாத்திரையுடன் சேர்த்து எடுத்தாலோ கணக்கில் வராத கூடுதல் லெவோடோபா போய், உங்களுக்கு ஏற்கெனவே இருக்கும் தோள் ஆட்டம் அதிகமாகும். மாத்திரையை நிறுத்திவிட்டுச் சூரணத்துக்கு மாறுவது எல்லாவற்றையும்விட ஆபத்தானது. லெவோடோபாவைத் திடீரென்று நிறுத்தினால் காய்ச்சல், கடும் இறுக்கம், குழப்பம் என்று உயிருக்கே ஆபத்தான நிலை ஏற்படலாம். அண்ணனிடம், "நீங்கள் சொல்லும் மருந்தைத்தான் அளந்து மாத்திரையாகச் சாப்பிடுகிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். அது உண்மையும்கூட.

அறுவையைப் பற்றி முடிவெடுக்கும் முன், இப்போதைய மருந்து முழுமையாக வேலை செய்ய வழிவிட்டிருக்கிறோமா என்று பார்ப்பது நல்லது. லெவோடோபாவும் புரதமும் குடலில் ஒரே வழியாகத்தான் உள்ளே போகின்றன. பால் கலந்த தேநீருடன் மாத்திரையை விழுங்குவது, பருப்பும் மீனும் நிறைந்த மதியச் சாப்பாட்டுக்கு நடுவில் விழுங்குவது ஆகியவற்றால் மருந்து தாமதமாகும், சில வேளை ஏறாமலே போகும். உணவுக்கு அரை மணி நேரத்துக்கு முன்பே தண்ணீருடன் எடுத்துவிடுங்கள். மருத்துவரும் உணவியல் நிபுணரும் ஒப்புக்கொண்டால், பருப்பு, மீன், முட்டை போன்றவற்றின் பெரும்பகுதியை இரவு உணவுக்கு மாற்றிப் பார்க்கலாம். புரதத்தை மட்டும் அறவே குறைத்துவிடாதீர்கள், உடல் மெலிந்துவிடும். இரும்புச்சத்து மாத்திரை இருந்தால் அதற்கும் இதற்கும் குறைந்தது இரண்டு மணி நேர இடைவெளி தேவை. மலச்சிக்கலைக் கவனியுங்கள். இந்த நோயில் குடலும் மந்தமாகிறது, குடல் மந்தமானால் மருந்தும் மந்தமாகிறது. மாத்திரை ஏற முக்கால் மணி நேரம் காத்திருக்க வேண்டியிருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் மாடோபார் அதைவிட விரைவாக ஏறும். முதல் வேளைக்கு அது உங்களுக்குச் சரிப்படுமா என்று கேட்டுப் பாருங்கள்.

நீங்கள் ஒட்டும் பட்டை, இந்த நோயில் மூளையில் குறைந்துபோகும் டோப்பமின் என்ற பொருளைப் போலச் செயல்படும் மருந்துவகையைச் சேர்ந்ததாக இருந்தால், உங்கள் மகளும் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். அந்த வகை மருந்துகள் சிலருக்குச் சூதாட்டம், கட்டுப்பாடற்ற செலவு, ஓயாமல் உண்ணுதல் போன்ற உந்துதல்களை ஏற்படுத்துகின்றன. அது குணக்கேடு அன்று, மருந்தின் பக்கவிளைவு. வெட்கப்பட்டு மறைப்பதால்தான் குடும்பங்கள் சிதைகின்றன. அளவைக் குறைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

வாந்திக்காக எங்கேனும் சிகிச்சைக்குப் போனால் மெட்டோகுளோபிரமைடு, புரோகுளோர்பெராசின் இரண்டும் எனக்குக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அவை டோப்பமினைத் தடுத்து நோயை அதிகமாக்கும். ஓர் அட்டையில் எழுதிப் பணப்பையில் வைத்திருப்பது நல்லது.

செலவைப் பொறுத்தவரை, பார்க்கின்சன் நோய் நாட்பட்ட நோய் நிர்வாகத் திட்டத்தில் இருப்பதால் மருந்துக்கும் வெளிநோயாளர் சந்திப்புக்கும் ஆண்டு வரம்புக்குள் மெடிசேவ் என்னும் மருத்துவச் சேமிப்பைப் பயன்படுத்தலாம். அறுவைக்கு மெடிசேவும் மெடிஷீல்டு லைஃப் என்னும் தேசிய மருத்துவக் காப்புறுதியும் கைகொடுக்கும். ஆனால் உடலுக்குள் பொருத்தும் கருவிக்குத் தனி உச்சவரம்பு உண்டு. இந்த அறுவையில் கருவியின் விலைதான் பெரும்பகுதி என்பதால் கையிலிருந்து கணிசமான தொகை போடவேண்டி வரலாம். அரசாங்கப் பலதுறை மருந்தகத்தின் பரிந்துரையோடு மானிய நோயாளியாகச் சென்றவர்களுக்கும் தனியார் நோயாளியாகச் சென்றவர்களுக்கும் தொகையில் பெரிய வேறுபாடு இருக்கும். எழுத்துவடிவில் மதிப்பீடு கேளுங்கள். அதை எடுத்துக்கொண்டு மருத்துவ சமூக சேவையாளரைப் பாருங்கள். மின்கலத்தைப் பற்றியும் அப்போதே கேட்க வேண்டும். மின்னூட்ட முடியாத வகையைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை சிறு அறுவையில் மாற்ற வேண்டும். மின்னூட்டக்கூடிய வகை பதினைந்து ஆண்டுகளும் அதற்கு மேலும் உழைக்கும், ஆனால் தவறாமல் மின்னூட்டிக்கொண்டிருக்க வேண்டும்.


யீஷூன்வாசி எழுதியது:

மூவருக்கும் என் உளமார்ந்த நன்றி. எல்லாவற்றையும் கணவரிடமும் மகளிடமும் படித்துக் காட்டினேன். செம்பவாங் ஐயா சொன்ன விதியை வைத்து என் தொந்தரவுகளைத் தாளில் எழுதிப் பார்த்தேன். விரல் இறுக்கம், பாதம் முறுக்குவது, காலையில் எழ முடியாமை, எல்லாமே மாத்திரை ஏறியதும் போய்விடுகின்றன. தோள் ஆட்டம் மாத்திரையினாலேயே வருகிறது. நடையில் தள்ளாட்டம் இதுவரை இல்லை. அந்தத் தாளைப் பார்த்த பிறகு அறுவை எனக்குப் பொருந்தக்கூடும் என்று முதல்முறையாக என் மனத்தில் பட்டது. ஆனாலும் சுவா சூ காங் மகள் சொன்னதுபோல் அவசரப்படப் போவதில்லை. மாத்திரையின் நேரத்தையும் உணவையும் மாற்றி, அரை மணிக்கு ஒருமுறை உடல்நிலையைக் குறித்துவைத்து, அந்தக் குறிப்போடு மருத்துவரைப் பார்க்கப் போகிறேன். சோதனைகளுக்குச் சம்மதம் சொல்லிவிட்டேன். அண்ணனிடமும் பேசினேன். சூரணம் வேண்டாம் என்பதை ஏற்றுக்கொள்ள அவருக்குச் சிறிது நாளாகும்.

என் கணவருக்கு ஒரே ஒரு சந்தேகம். மருந்தே இல்லாமல் காலையில் மருத்துவமனைக்குப் போவது எப்படி என்று பயப்படுகிறார். மருந்தில்லாத நிலையில் என்னை அவர் முழுமையாகப் பார்த்ததே இல்லை. அவர் எழுவதற்குள் நான் முதல் மாத்திரையைப் போட்டுவிடுவேன்.


செம்பவாங் ஓய்வாளர் எழுதியது:

சகோதரி, அந்தக் காலை கடினமாகத்தான் இருக்கும், ஆனால் சில மணி நேரம்தான். சந்திப்பை நாளின் முதல் நேரத்துக்குக் கேளுங்கள். முந்தைய இரவின் கடைசி மாத்திரையை எத்தனை மணிக்கு எடுப்பது, பட்டையை எப்போது எடுத்துவிடுவது என்பதை அவர்கள் சொல்லும்போதே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். பொத்தான் இல்லாத சட்டை, எளிதில் மாட்டும் செருப்பு. குளித்து உடுத்துவதற்கு வழக்கத்தைவிட இரண்டு மடங்கு நேரம் ஒதுக்குங்கள். வாடகைக் காரில் போங்கள், ரயில் வேண்டாம். மருத்துவமனை வாசலில் சக்கர நாற்காலி கிடைக்கும், கூச்சமின்றி உட்காருங்கள். உங்கள் வழக்கமான மாத்திரைகளைக் கணவர் தம் பையில் எடுத்து வரட்டும், சோதனை முடிந்ததும் தேவைப்படும்.

கணவரைச் சோதனை அறைக்குள்ளேயே உட்கார அனுமதி கேளுங்கள். மருந்தில்லாமல் நீங்கள் எழுந்து நிற்பதையும், மருந்து ஏறிய பிறகு நடப்பதையும் அவர் தம் கண்ணால் பார்த்துவிட்டால், அதன் பின் வீட்டில் நடக்கும் பேச்சு வேறு விதமாக இருக்கும். என் மனைவிக்கு அப்படித்தான் நடந்தது.